டிசம்பர் இருட்டும் செப்டம்பர்ப் பயமும்

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாகாணத்தின் மீன்பிடி ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 38, பிறந்தது வடமராட்சியில். கணவர் இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இவர் ஐந்து வருடத்துக்கு முன்பு, ஆறு வயது மகளோடு போய்ச் சேர்ந்தவர். மொழி படித்து, இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நேரம் மாறிமாறி வரும், மாதத்தில் சில இரவுகளும் உண்டு.

கடிதம் ஏழு பக்கம். "ஓகஸ்ட் கடைசியில் தெருவிளக்கு எரியத் தொடங்கினால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறுகும்" என்று தொடங்குகிறது. செப்டம்பர் முழுவதும் நாட்காட்டியில் நாள் எண்ணுகிறார். நவம்பர் வந்தால் இரவு ஒரு மணிக்கு முன்பு நித்திரை வராது. வந்தாலும் மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க, கை விறைக்க, மூச்சு முட்ட எழும்பிவிடுகிறார். மாரடைப்பு என்று பயந்து இரண்டு முறை இரவு அவசர வைத்தியரிடம் ஓடியிருக்கிறார். இரண்டு முறையும் ஈசிஜி நன்றாக இருந்தது. இணையத்தில் ஒரு நீல விளக்கு வாங்கி, வேலை முடிந்து வந்து இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அதன் முன்னால் இருக்கிறார். இரவு வேலையைச் சமாளிக்க ஐந்தாறு கோப்பை பிளேன்டீ. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய நித்திரைக் குளிசையை இடைக்கிடை போடுகிறார். கணவர், "எங்களுக்கு வராத வியாதி உமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறாராம்.

கேட்டிருப்பவை: "துருவத்தில் இருந்தால் மூளை சுருங்கும்" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா, இருட்டால் மூளை சுருங்குமா? ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தால் சரியாகுமா? அல்லது ஒவ்வொரு வருடமும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மகளோடு யாழ்ப்பாணம் போய் இருக்கலாமா? மாத்திரை எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவேனா? மனநல வைத்தியரிடம் போனால் குழந்தைகள் நலத்துறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை ஒரு பென்சிலோடு, ஒவ்வொரு அறிகுறிக்கும் பக்கத்தில் மாதத்தைக் குறித்துக்கொண்டு வாசித்தேன். மனநல வைத்தியர்களின் பழைய பழக்கம் இது. நானும் நோர்வேயின் வடக்கில் மூன்று குளிர்காலம் வேலை செய்தவன், அதனால் தெருவிளக்கைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்கு உடனே விளங்கியது. கோடை முழுவதும் அணைந்து கிடக்கும் விளக்குகள் ஒருநாள் திடீரென்று எரியும். இனி இருட்டுத்தான் என்று ஊருக்கே சொல்வது போல இருக்கும்.

ஆனால் அந்த மாதக் குறிப்புகளைப் பார்த்தால், நீங்கள் சொல்லாத ஒன்று தெரிகிறது. செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்கிறது. அன்று உலகம் முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். அதாவது உங்கள் பயம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கிழமையில், உங்கள் ஊரிலும் பருத்தித்துறையிலும் வெளிச்சம் ஒரே அளவு, பன்னிரண்டு மணி நேரம். உங்கள் உடம்புக்கு இன்னும் எந்த வெளிச்சக் குறையும் வரவில்லை. ஆகவே செப்டம்பரில் உங்களை வாட்டுவது இருட்டு அல்ல, இருட்டு வரப்போகிறது என்ற எண்ணம். இதை நாங்கள் எதிர்பார்ப்புப் பதற்றம் என்போம். "அப்படியென்றால் எல்லாம் என் கற்பனையா?" என்று கேட்காதீர்கள். பதற்றம் எந்த வாசலால் வந்தாலும் நெஞ்சு படபடப்பது உண்மைதான். வாசல் எது என்று தெரிந்தால் வைத்தியம் மாறும், அவ்வளவுதான்.

நவம்பர் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். முப்பத்து மூன்று வயது வரை அந்த ஒழுங்குக்குப் பழகிய உடம்பு உங்களுடையது. நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் செப்டம்பர் கடைசியில் பன்னிரண்டு மணி நேரமாக இருக்கும் பகல், இரண்டே மாதத்தில் பூச்சியத்துக்கு வருகிறது. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பகல் கழிகிறது. பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நோர்வேக்காரர் மொர்க்கெதீ, இருட்டுக் காலம், என்று பெயர் வைத்து அதனோடு குடும்பம் நடத்துகிறார்கள். உங்களுக்கு இது ஆறாவது தடவை.

வெளிச்சம் மூளைக்கு என்ன செய்கிறது

கண் பார்ப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. விழித்திரையில், உருவம் பார்க்கும் கலங்களைத் தவிர, வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளக்கும் சில கலங்களும் இருக்கின்றன. 2002இல்தான் இவை தாமாகவே ஒளியை உணர்வதைக் கண்டுபிடித்தார்கள். நீல நிற ஒளிக்கு இவை கூடுதலாக அசையும். இவற்றின் கம்பிகள் நேரே மூளையின் அடியில் உள்ள ஒரு சின்ன முடிச்சுக்குப் போகின்றன. அதுதான் உடம்பின் மணிக்கூடு. எப்போது நித்திரை, எப்போது பசி, எப்போது உடம்புச் சூடு இறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்வது அது. உடம்பை நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனினை இரவில் சுரக்கச் சொல்வதும் அதுவே.

இந்த மணிக்கூட்டை ஒவ்வொரு நாளும் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். அது இல்லாவிட்டால் பலருக்கு மணிக்கூடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப்போகும். வட நோர்வேயில் உள்ள ட்ரொம்சோ நகர வைத்தியர்கள் இதை 'நடுக்குளிர்கால நித்திரையின்மை' என்று பல வருடமாக எழுதி வருகிறார்கள். இரவு நித்திரை வராது, காலையில் எழும்ப முடியாது. ஒரு மணிக்கு முன்பு கண் மூடாத உங்கள் நிலை இதோடு பொருந்துகிறது.

மூளை இரசாயனத்திலும் பருவ மாற்றம் உண்டு. 2002இல் அவுஸ்திரேலியாவில் 101 ஆண்களின் கழுத்து நாளத்து இரத்தத்தைப் பரிசோதித்தபோது, மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற இரசாயனத்தின் புழக்கம் குளிர்காலத்தில் மிகக் குறைவாக இருந்தது. அன்றன்று எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கவும் செய்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 28 பேரை நாலரை நாள் வெளியுலகத் தொடர்பே இல்லாத அறையில் வைத்து, பிறகு மூளையைப் படம் பிடித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. கவனத்தை நிலைநிறுத்தும் வேலையில் மூளையின் உழைப்பு ஜூன் வாக்கில் உச்சத்திலும் டிசம்பர் வாக்கில் அடியிலும் இருந்தது. ஆனால் பரீட்சையில் வாங்கிய புள்ளி குறையவில்லை. எந்தப் பருவத்திலும் வேலையைச் சரியாகவே முடித்தார்கள், அதை முடிக்க மூளை எடுத்த வழிதான் வேறு. ட்ரொம்சோவிலேயே 1999இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே ஆட்களைக் கோடையிலும் குளிரிலும் நினைவாற்றல், கவனம், வேகம் என்று சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வந்த சில சோதனைகளிலும் பெரும்பாலும் கோடையில்தான் சற்றுப் பின்தங்கினார்கள்.

அந்த வட்ஸ்அப் செய்தி

"துருவத்தில் இருந்தால் மூளை சுருங்கும்" என்ற செய்திக்கு ஒரு மூலம் உண்டு. முழுப் பொய் அல்ல, அதனால்தான் இவ்வளவு தூரம் ஓடுகிறது. அண்டார்க்டிகாவில் உள்ள ஜெர்மனியின் நொய்மாயர் ஆய்வு நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேரின் மூளையை, போகும் முன்னும் வந்த பின்னும் படம் பிடித்தார்கள். நினைவோடு தொடர்புள்ள ஒரு சிறு பகுதி கொஞ்சம் குறைந்திருந்தது. 2019இல் வந்த ஆய்வு. ஆனால் அதைச் செய்தவர்கள் இருட்டைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே முகங்கள், ஒரே சுவர், ஒரே வெள்ளைப் பனி, வெளியார் யாரையும் காணாத தனிமை ஆகியவற்றைத்தான் காரணமாகக் கருதினார்கள். (குளிர்காலத்தில் உண்மையாகவே மூளை சுருங்கி, வசந்தத்தில் திரும்ப வளரும் ஒரு பிராணி இருக்கிறது. மூஞ்சூறு இனத்தைச் சேர்ந்த சிறு பூச்சியுண்ணி. நீங்கள் அது இல்லை.)

உங்கள் மூளை சுருங்கவில்லை, சகோதரி. ஆனால் அந்த ஆய்வில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. நாலாம் பக்கத்தில், நவம்பர் தொடங்கினால் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலுக்குப் போவதை நிறுத்திவிடுவேன், கோலாட்டம் பழக்கப் போவதையும் விட்டுவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதிக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே பாரமானது. வெளிச்சம் போவதற்கு முன்பே ஆட்களை நீங்களே அணைத்துவிடுகிறீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு எண்ணத்தையும் திருத்த வேண்டும். வடக்கே போகப் போக எல்லோருக்கும் மனநோய் கூடும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நேர்கோடாக இல்லை. குளிர்கால மனச்சோர்வு என்ற நோயை நோர்மன் ரோசெந்தாலும் கூட்டாளிகளும் 1984இல் அமெரிக்காவில் விவரித்தார்கள். அது உண்மையான நோய், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஐஸ்லாந்தில் தேடியபோது, அமெரிக்கக் கிழக்குக் கரையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ட்ரொம்சோவில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு 2012இல் வந்த ஆய்வில் குளிர்காலத்தில் மனவேதனை கூடவில்லை. நித்திரைக் குறைபாடு மட்டும் சற்றுக் கூடியது. பரம்பரை பரம்பரையாகவும் பழக்கத்தாலும் அங்கே ஊன்றியவர்கள் அவர்கள். உங்களை அவர்களோடும், இருபது வருடம் அங்கே இருந்த உங்கள் கணவரோடும் ஒப்பிட்டு நாணப்பட வேண்டியதில்லை. கணவரின் கேள்விக்குப் பதில் இதுதான்: ஒருவரின் உடல் மணிக்கூடு மற்றவருடையதைப் போல ஓடாது, அதோடு அவர் இரவு வேலை செய்வதில்லை.

விளக்கு

விளக்கு வாங்கியது நல்ல யோசனை, நேரம்தான் பிழை. இரவு எட்டரைக்குக் கண்ணில் விழும் நீல ஒளி, 'இன்னும் பகல் முடியவில்லை' என்று மணிக்கூட்டிடம் சொல்கிறது. மெலட்டோனின் ஏற வேண்டிய நேரத்தில் அதை அமுக்குகிறது. ஏற்கெனவே பின்தங்கிய மணிக்கூட்டை நீங்களே கையால் பிடித்து இன்னும் பின்னால் திருப்புகிறீர்கள். ஒரு மணி வரை நித்திரை வராததில் இந்த விளக்குக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வைத்திய முறைப்படியான வெளிச்சம் என்றால்: 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெள்ளை ஒளி, புறஊதாக் கதிர் வடிகட்டியது, எழும்பி ஒரு மணி நேரத்துக்குள், 20 முதல் 30 நிமிடம். பெட்டியில் 10,000 என்று போட்டிருந்தால் போதாது, எந்தத் தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்றும் போட்டிருக்க வேண்டும். சில மலிவு விளக்குகளில் மூக்கு முட்டினால்தான் அது கிடைக்கும். நேரே முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. சற்றுப் பக்கமாக வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம், மகளுக்குத் தலை பின்னலாம். ஒப்பிட்டுப் பார்க்க: வீட்டு மின்விளக்கில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெட்டவெளியில் நல்ல வெயில் என்றால் ஒரு லட்சம். இரவு வேலை முடித்து நித்திரைக்குப் போகும் காலையில் விளக்கு வேண்டாம். அன்று நித்திரை முடித்து எழும்பிய பிறகு.

மூன்று எச்சரிக்கை. நீரிழிவோ விழித்திரை நோயோ இருந்தால் கண் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, இந்த விளக்கு விட்டமின் டி தராது. அதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும், விளக்கில் அதை வடிகட்டியாகிவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். "மே, ஜூனில் நாலு மணி நேரம் நித்திரை கொண்டாலும் களைப்பே இல்லை, நடுச்சாமத்தில் அலுமாரி எல்லாம் கழுவுவேன்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். நள்ளிரவுச் சூரியனில் பலருக்கும் நித்திரை குறையும், பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்களில் எண்ணங்கள் கட்டுக்கடங்காமல் ஓடியதா, தேவையில்லாமல் காசு செலவழிந்ததா, நெருங்கியவர்கள் "நீ நீயாக இல்லை" என்றார்களா என்று யோசியுங்கள். ஆம் என்றால் விளக்கையோ மாத்திரையையோ தொடங்கும் முன் வைத்தியரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மனம் அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் மாறும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டுமே மனத்தை அளவுக்கு மீறி மேலே தூக்கிவிடக் கூடும். இல்லை என்றால், மே மாதம் வந்ததும் ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை போடுங்கள், போதும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்கிறேன். காலை விளக்குக்கு வலுவான ஆதாரம் இருப்பது குளிர்கால மனச்சோர்வுக்கு. வெறும் பதற்றத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. உங்கள் நித்திரையை இது சரிப்படுத்தும் என்று எதிர்பார்க்கிறேன். மூன்று மணிப் பயத்தை விளக்கு மட்டும் விரட்டாது.

அதிகாலை மூன்று மணி

நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், கை விறைப்பு, 'செத்துவிடுவேன்' என்ற நினைப்பு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக இறங்குவது. இரண்டு முறை இருதயம் பார்க்கப்பட்டுச் சரி என்றும் சொல்லப்பட்டது. இது பீதித் தாக்குதல் போலத்தான் தெரிகிறது. நித்திரையிலிருந்தும் வரும். கை விறைப்பது இருதயத்தால் அல்ல: வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் விரலும் உதடும் மதமதக்கும். அந்த நேரத்தில் ஆழமாக இழுக்காதீர்கள். எல்லோரும் ஆழமாக மூச்செடு என்பார்கள், அது இன்னும் கூட்டும். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. குடும்ப வைத்தியர் தைரொயிட், இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, விட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வரும். விட்டமின் டி நம்மவரிடம் குறைவாக இருப்பது ஒஸ்லோவில் குடியேறிகளிடம் செய்த பரிசோதனைகளிலேயே தெரிந்தது, இலங்கையர் உட்பட. நோர்வேக்காரர் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தில் ட்ரான் என்ற மீன் எண்ணெய் குடிப்பது சும்மா அல்ல. உங்கள் மகளுக்கும் கொடுங்கள். ஆனால் அதை எலும்புக்காகக் குடியுங்கள். விட்டமின் டி கொடுத்தால் மனச்சோர்வைத் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் பார்த்து 2020இல் வந்த முடிவு, முடியாது என்பதுதான்.

பிளேன்டீயைப் பற்றியும் கதைக்க வேண்டும். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்த தேநீரில் பாதி, மூன்று மணிக்கு உங்களை எழுப்பும்போதும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். இரவு வேலை என்றால் முதல் பாதியில் மட்டும்.

தம்பி அனுப்பிய குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எந்த இனமென்று ஊகிக்க முடிகிறது. அடிமைப்படுத்தும் என்று நீங்கள் பயப்பட வேண்டிய மருந்து அதுதான். வைத்தியர் தரக்கூடும் என்று பயப்படுகிறீர்களே, அது வேறு. இடைக்கிடை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் அட்டையோடு காட்டுங்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வைத்தியர்கள் வழக்கமாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை போதையும் தராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் கேட்காது. பலன் தெரியச் சில கிழமை ஆகும். முதல் ஓரிரு கிழமை பதற்றம் கூடவும் செய்யலாம், இதைத் தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்த வேண்டும்.

ஆனால் உங்கள் நிலையில் நான் முதலில் கேட்பது மாத்திரை அல்ல, எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் சிகிச்சை. அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு விளக்கும், மற்றவர்களுக்கு இந்தச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமமாக உதவின. இரண்டாவது குளிர்காலம் வந்தபோது, விளக்குக்காரரில் சுமார் 46 வீதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது, சிகிச்சை பெற்றவர்களில் 27 வீதத்தினருக்கு. விளக்கை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், படித்த பாடம் கூடவே இருக்கிறது. செப்டம்பரிலேயே தொடங்கும் உங்கள் பயத்துக்கு இதுதான் நேர் மருந்து.

ஒஸ்லோவா, யாழ்ப்பாணமா

ஒஸ்லோ: டிசம்பர் நடுவில் அங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் வரும், மூன்று மணிக்குப் பிறகு போய்விடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வீட்டு வாடகையைக் கேட்டால் தனியாக ஒரு பதற்றம் வரும். நல்ல வேலை, மகளின் படிப்பு என்று வேறு காரணங்கள் இருந்தால் போங்கள். இதற்கு வைத்தியமாகப் போகாதீர்கள்.

யாழ்ப்பாணம்: ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் மகளுக்குப் பாடசாலை இரண்டு கிழமை வரைதான் விடுப்புத் தரலாம், மூன்று மாதம் முடியாது. நவம்பரும் டிசம்பரும் அங்கே மாரிமழை, வெயில் தேடிப் போகிறவர் அதை மறந்துவிடுகிறார். எல்லாவற்றையும்விட, பயந்து ஒவ்வொரு முறையும் ஓடினால் பயம் அடுத்த வருடம் ஜூலையிலேயே தொடங்கும். நத்தார் விடுமுறையை ஒட்டி இரண்டு கிழமை, அம்மாவைப் பார்க்க என்று போய் வாருங்கள். அது சந்தோசம், அதை மருந்தாக்க வேண்டாம்.

பிள்ளையும் மொழியும்

பிள்ளை. மனப்பதற்றத்துக்கு வைத்தியம் பார்ப்பது குழந்தைகள் நலத்துறைக்கு அறிவிக்க வேண்டிய காரணம் அல்ல. பிள்ளை துன்புறுத்தப்படுகிறது, மோசமாகக் கைவிடப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் வைத்தியர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்திருங்கள்: நோயாளிக்குச் சின்னப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது, தாயின் நிலையைப் பற்றி அதற்கு யாராவது விளங்கப்படுத்தினார்களா என்று கேட்கும்படி நோர்வேச் சட்டமே வைத்தியரிடம் சொல்கிறது. வைத்தியர் மகளைப் பற்றிக் கேட்டதும் நெஞ்சு திக்கென்று ஆகும். எல்லோரிடமும் கேட்பதுதான் அது. மற்றபடி நீங்கள் சொல்வது எல்லாம் தொழில் இரகசியம். வேலைத்தலத்துக்கும் போகாது, ஊர்த் தமிழருக்கும் போகாது.

மொழி. கடைசி முறை வைத்தியரிடம் போனபோது பதினொரு வயது மகள்தான் மொழிபெயர்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அது கடைசி முறையாகவே இருக்கட்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உங்கள் நோர்வேமொழி போதாத இடத்தில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது வைத்திய நிலையத்தின் பொறுப்பு. பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது. நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். சின்ன ஊரில் தெரிந்த முகம் வந்துவிடும் என்ற கூச்சம் இருந்தால், வேறு ஊர் ஆளை தொலைபேசியில் எடுக்கச் சொல்லலாம். வேலையில் மொழி சமாளிக்கிறீர்கள், சரி. மூன்று மணிக்கு நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்லத் தாய்மொழிதான் வேண்டும்.

இரவு வேலையைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வழக்கமாக இரவு வேலை செய்பவர் உடல்நலக் காரணத்துக்காக அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். வேலைத்தலத்துக்குப் பெரிய இடைஞ்சல் இல்லையென்றால் கொடுக்க வேண்டும். குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, நவம்பர் முதல் ஜனவரி வரைக்காவது கேளுங்கள். என் கணிப்பில் விளக்கைவிட இதுவே உங்களுக்குக் கூடுதலாக உதவும். பல நகராட்சிகளில் வைத்தியரின் பரிந்துரை இல்லாமலே போகக்கூடிய இலவச உளவியல் உதவியும் உண்டு. நகராட்சியில் விசாரியுங்கள். இரவில் அவசரம் என்றால் 116 117, உயிர் ஆபத்து என்றால் 113. உயிரை விடலாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அந்த எண்களையே அழையுங்கள். கதைக்க ஆள் வேண்டும் என்றால் 116 123.

இனிக் கணவரைப் பற்றி. அவர் கேலி செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த நம்மவர் பலரை எனக்குத் தெரியும். முதல் இருட்டுக் காலத்தை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டால் "வேலை இருந்தது" என்பார்கள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "நீங்கள் வந்த முதல் டிசம்பர் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள்.

மதியம் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வானம் நீலமாகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நடக்கச் சொல்லி யாரும் சொன்னால், போங்கள். அந்த வெளிச்சம் மணிக்கூட்டைத் திருப்பப் போதாது, ஆனால் நடை உதவும், கூட வரும் ஆள் அதைவிட உதவும். ட்ரொம்சோவில் ஒரு வருடம் தங்கி ஆராய்ந்த காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அங்குள்ள கூட்டாளி ஒருவரும் 2020இல் எழுதிய கட்டுரையில், குளிர்காலத்தை நல்ல கண்ணோடு பார்ப்பது ஒஸ்லோவைவிட ட்ரொம்சோவிலும், அதைவிட அதற்கும் வடக்கே உள்ள ஸ்வால்பார் தீவுகளிலும் கூட என்று கண்டார்கள். சூரியன் திரும்பி வரும் நாளில் பிள்ளைகள் உருண்டைப் பணியாரம் சாப்பிடுவார்களே, சூல்பொல்லெ. அதை உங்கள் மகள் டிசம்பரிலிருந்தே எதிர்பார்க்கிறாள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் ஒருவர் இருட்டு வர எத்தனை நாள் என்று எண்ணுகிறார், மற்றவர் சூரியன் வர எத்தனை நாள் என்று எண்ணுகிறாள்.

இப்போதைக்கு மூன்று காரியம். மேலே சொன்ன எச்சரிக்கை எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், நாளைக் காலையிலிருந்து விளக்கு காலையில். இந்தக் கிழமைக்குள் குடும்ப வைத்தியரிடம், மொழிபெயர்ப்பாளரோடு, இரட்டை நேரம் கேட்டுப் பதியுங்கள், பதினைந்து நிமிடத்தில் இது முடியாது. ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு, படுத்த நேரம், எழும்பிய நேரம், தேநீர், பயம் வந்த நேரம், அன்று குடும்பத்துக்கு வெளியே யாருடனாவது கதைத்தீர்களா என்று எழுதி, அதைக் கையோடு கொண்டுபோங்கள். கோலாட்டப் பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அந்தக் கொப்பியில் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள்.